புள்ளியைச் சுமந்தவள்

ஜோலீன் ஸ்ட்ராண்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடைசித் துண்டை யாரும் சட்டென்று எடுத்துவிட மாட்டார்கள். எலுமிச்சைக் கேக்காக இருந்தாலும் சரி, உருளைக்கிழங்கையும் கொத்திறைச்சியையும் அடுக்கி அடுப்பில் சுட்ட பதார்த்தமாக இருந்தாலும் சரி. ஒருவர் "நீ எடுத்துக்க" என்பார். மற்றவர் "ஐயோ, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பார். மறுபடி கேட்பார்கள், மறுபடி வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான், "இவ்வளவு சொல்றீங்க, பாதி மட்டும்" என்று கத்தி எடுத்து நறுக்குவார்கள். அமெரிக்காவில், மின்னசோட்டாவின் வடக்கில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் தடவையே சரி என்று கை நீட்டுகிறவரைப் பார்த்தால், வெளியூர்க்காரர் போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

மார்னி குவாலி அந்த மேசைக்கு வெளியிலிருந்து வந்தவள்தான். ஆனால் அதே வடக்குப் பக்கத்துப் பெண். அப்பா டகோட்டா பக்கம் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். அம்மா, மகள் பள்ளிக்கூடம் முடித்த கோடையில் வீட்டை விற்றுவிட்டு, புதுப் புருஷனோடு அரிசோனாவின் வெயிலுக்குப் போய்விட்டாள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. மார்னிக்கு விடுமுறையில் போக ஒரு வீடு இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

டுலூத்தில் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். விடுதியில் அறைத்தோழியாக வாய்த்தவள் டெலேனி ஸ்ட்ராண்ட். முதல் வருடம் நவம்பரின் முதல் பனியில் டெலேனிக்குத் தொண்டை வீங்கிக் கடும் காய்ச்சல் வந்தது. ப்ரெய்னர்டிலிருந்து அவள் அம்மா ஜோலீன் பனிச்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது, படுக்கை விரிப்பு துவைத்து மாற்றியிருந்தது. நோயாளியின் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னியிருந்தது. ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. கூழ்போல மசித்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"யாருடி இந்தப் பொண்ணு?" என்று மகளிடம் கேட்டாள் ஜோலீன்.

"மார்னி. முதியோர் இல்லத்துல பகுதி நேரமா வேலை பாக்கறா. என்னையும் எம்பது வயசுக் கிழவின்னு நெனச்சு பாத்துக்கறா."

"நீ அதைவிட மோசம். எம்பது வயசுக்காரங்க சொன்னா கேப்பாங்க."

அந்த வருட நன்றித் திருநாளிலிருந்து எல்லாப் பண்டிகைக்கும் மார்னி ப்ரெய்னர்டில்தான். ஜோலீன் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசை பார்க்கிறவள். குரலிலேயே ஆளை உட்கார வைத்துவிடுவாள். "கண்ணு" என்றுதான் மார்னியைக் கூப்பிடுவாள். தன் வீட்டிலேயே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால், முதல் தடவை மார்னி திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

ஐரோப்பா போகலாம் என்று சொன்னது டெலேனி. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது. மார்ச் மாத விடுமுறையில் மற்ற மாணவர்கள் ஃப்ளோரிடா கடற்கரையில் குடித்துக் கிடப்பார்கள், நாம் ஊர் பார்ப்போம் என்றாள். ஆம்ஸ்டர்டாமில் இறங்குவது, கொலோன், வியன்னா, கடைசியாக வெனிஸ், அங்கிருந்து விமானம். மார்னிக்கு வெனிஸ் மட்டும்தான் வேண்டும். சுப்பீரியர் ஏரிக்கரையில் வளர்ந்தவள். தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடும் ஊரில் சாமான் எப்படி வீட்டுக்கு வருகிறது, பிணம் எப்படிப் போகிறது என்பதையெல்லாம் நேரில் பார்க்க ஆசைப்பட்டாள். குளிர்காலம் முழுக்க ஒரு சனி ஞாயிறு விடாமல் முதியோர் இல்லத்தில் கூடுதல் வேலை பார்த்து டிக்கெட் எடுத்தாள்.

ஜோலீன் முதலில் தயங்கினாள். அவளுக்குக் காரணம் இருந்தது. இலையுதிர் காலத்தில் ரீட் என்ற பையன் குடித்துவிட்டு டெலேனியை வைத்து வண்டி ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியிருந்தான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. இவளுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. அந்த ஆறு வாரமும் டெலேனிக்குச் சட்டை மாட்டிவிட்டது, உள்ளாடைக் கொக்கி போட்டது, குளிப்பாட்டியது எல்லாம் மார்னி. இனி அவன் முகத்தில் முழிக்கக் கூடாது என்றாள் ஜோலீன். டெலேனியும் சத்தியம் செய்தாள். ஜனவரியில் அவன் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கப் போய்விட்டதாகக் கேள்வி. எந்த நாடு என்று மார்னி கேட்கவில்லை. தொலைந்தது சனியன் என்று இருந்துவிட்டாள்.

"மார்னி கூட வர்றான்னா சரி," என்றாள் ஜோலீன் கடைசியில். "ஆனா புள்ளி அணையக் கூடாது."

புள்ளி என்பது டெலேனியின் போன். அது எங்கே இருக்கிறதோ அந்த இடம் ஜோலீனின் போனில் வரைபடத்தின் மேல் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். மற்றவர்கள் காலையில் பனி விழுமா என்று பார்ப்பதுபோல அவள் காபியோடு மகளின் புள்ளியைப் பார்ப்பாள். வகுப்பில் இருக்கிறாளா, படுக்கையில் இருக்கிறாளா என்று தெரிந்தபிறகுதான் ரொட்டி சுடுவாள்.

மினியாபோலிஸ் விமான நிலையத்தில் மார்னியின் மேல்சட்டைக் காலரைச் சரிசெய்து, "என் பொண்ணைப் பாத்துக்கோ கண்ணு," என்றாள்.

"பாத்துக்கறேன்."

அதை மார்னி சும்மா சொல்லவில்லை.

ஆம்ஸ்டர்டாம் நன்றாகவே கழிந்தது. டெலேனி சைக்கிள் பாதையில் நின்றுகொண்டு படம் எடுப்பாள், மணி அடித்துக்கொண்டு யாராவது பாய்ந்து வருவார்கள், மார்னி சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"இங்க சைக்கிள்காரன் நம்ம ஊர் மரலாரிக்காரனைவிட மோசம்டி!"

"அவன் பாதையில நீ நின்னா அவன் என்ன பண்ணுவான்? நீ செத்தா உங்கம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"கண்ணு, என் பொண்ணு எங்க கண்ணு?" என்று ஜோலீன் குரலில் பேசிக் காட்டினாள் டெலேனி. இருவரும் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புதுச் செருப்பு டெலேனியின் குதிகாலைக் கடித்திருந்தது. சாயங்காலம் மார்னி அதைக் கழுவி, கொப்புளத்தை உடைக்காமல் சுற்றிலும் பஞ்சு வைத்துக் கட்டினாள். அவள் கட்டும்போது டெலேனி போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி?"

"என் தம்பி. ஏதோ பூனைப் படம் அனுப்பறான்."

கொலோனில் சாப்பிட்ட பாலேடு ஊற்றிய குழம்பு மார்னிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வியன்னா விடுதியில் பை வைத்ததும் குளியலறைக்கு ஓடினாள். அதன் பிறகு வாந்தி, பேதி, குளிர் நடுக்கம், எல்லாம் வரிசையாக. டெலேனிக்கு வாந்திச் சத்தமே ஆகாது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு எதிர்க் கட்டிலின் மேல் அடுக்கில் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை மார்னி எழுந்து உட்கார முயன்றபோது டெலேனி உடை மாற்றி நின்றாள்.

"கீழ சில பொண்ணுங்க ப்ராக் போறாங்களாம். ரயில்ல கொஞ்ச நேரம்தான். ஒரு ராத்திரி தங்கிட்டு நாளைக்கு வந்துடலாம்கறாங்க. ஆனா உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது..."

"போயிட்டு வா. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் மார்னி.

அது முதல் தடவை. ப்ரெய்னர்ட் மேசையில் வளர்ந்த எவளுக்கும் அதன் பொருள் தெரியும். "பைத்தியமா, நான் இருக்கேன்" என்று டெலேனி சொல்ல வேண்டும். மார்னி "நிஜமாத்தான் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். இன்னொரு சுற்று போக வேண்டும். கடைசியில் டெலேனி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து சோடா வாங்கி வருவாள்.

"நீ சொன்னா சரி," என்றாள் டெலேனி. பையின் ஜிப் ஏற்கெனவே மூடியிருந்தது. தன் போனை எடுத்து மார்னியின் தலையணை ஓரத்தில் வைத்தாள்.

"இதை எதுக்கு இங்க வைக்கற?"

"அம்மா பாத்தா வேற நாட்டுக்குப் போயிட்டேன்னு கத்துவாங்க. உன்கிட்டயே இருக்கட்டும். கூப்பிட்டா குளிக்கறேன்னு சொல்லு. நல்லாத் தண்ணி குடி, சரியா? நீ தங்கம்டி."

கதவு சாத்திக்கொண்டது. மார்னிக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்கு அவசரமாகக் குளியலறை வேண்டியிருந்தது.

பேதி கண்டவருக்கு முதலில் தேவை அனுதாபம் இல்லை, தண்ணீர். அதையும் மடக்மடக்கென்று குடிக்கக் கூடாது. மார்னி விடுதிச் சமையலறையில் உப்பும் சர்க்கரையும் கேட்டு வாங்கி, தண்ணீர் பாட்டிலில் கரைத்து, சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வாயாக உறிஞ்சினாள். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தாள். தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தாள், மடிப்பு உடனே படிந்தது. சாக மாட்டேன் என்று தெரிந்ததும் தூங்கினாள். பிற்பகலில் டெலேனியின் போன் அடித்தது. திரையில் ஜோலீன்.

"டெலேனி?"

"நான் மார்னி. அவ குளிக்கறா."

"என்ன கண்ணு, குரல் கிணத்துலேர்ந்து வர்றாப்பல இருக்கு?"

"கொஞ்சம் வயிறு சரியில்ல."

"அதான் காலைலேர்ந்து புள்ளி நகரவே இல்ல! நான் அப்பவே அவங்கப்பா டேல்கிட்ட சொன்னேன், யாருக்கோ உடம்பு முடியலன்னு. உப்பு பிஸ்கட் சாப்பிடு. சோடாவைக் கிளறி வாயுவைப் போக்கிட்டுக் குடி. அவ உன்னைக் கவனிச்சுக்கறாளா?"

மார்னி எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். விரிப்பு கசங்கிக் கிடந்தது.

"கவனிச்சுக்கறா."

"கவனிக்கணும். அவளுக்கு நீ எவ்வளவு பண்ணியிருக்க. நான் வந்து அடுப்புல ஏதாவது வச்சுத் தர முடியலயேன்னு இருக்கு."

மார்னி போனை வைத்தாள். இத்தனை வருடத்தில் ஜோலீனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. யாருக்காகச் சொன்னோம் என்று யோசித்தாள். தோழிக்காக என்று தன்னைச் சமாதானம் செய்தாள். நாளைக்கு வந்துவிடுவாள் அல்லவா.

வரவில்லை. மறுநாள் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து மார்னியின் சொந்தப் போனுக்கு அழைப்பு வந்தது.

"நான்தான். கேளு, இந்த ஊர் ரொம்ப அழகா இருக்குடி, இன்னும் ஒரு நாள் இருந்துட்டு வரேன். வயிறு எப்படி? நல்லது நல்லது. ஒரு சின்ன உதவி பண்ணு. என் போனை எடுத்துக்கிட்டு கொஞ்சம் சுத்திட்டு வா. அரண்மனை, தோட்டம், எங்கயாவது. புள்ளி விடுதியிலயே கிடந்தா அம்மா மோப்பம் புடிச்சிடுவாங்க."

"எனக்கு இன்னும் நிக்கவே முடியல டெலேனி."

"மெதுவா நட. காத்தாட நடந்தா நல்லதுதானே? நீயே சொல்லுவ."

பின்னால் ஓர் ஆண் குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது. டெலேனி "ஷ்ஷ்" என்றாள்.

"யார் அது?"

"விடுதிப் பசங்க. சரி, வச்சிடறேன்."

மார்னி போனாள். அதைத்தான் பின்னால் அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துப் படியிறங்கி, இரண்டு போன்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிராமில் ஏறி அரண்மனைத் தோட்டத்துக்குப் போனாள். மஞ்சள் நிறச் சுவர், சரளைக்கல் பாதை, இன்னும் இலை விடாத மரங்கள். மக்கள் நாய்களை நடக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு போனை நடக்கவிட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சில் கொஞ்சம் உட்காருவாள், மூச்சு வாங்கி எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போவாள், அங்கே ப்ரெய்னர்டில் ஒரு நீலப் புள்ளி வேடிக்கை பார்த்துக்கொண்டு நகரும். பையில் போன் மெல்ல அதிர்ந்தது. மகளுக்கு ஜோலீன் அனுப்பிய செய்தி திரையில் தெரிந்தது: வெளியே கிளம்பிட்டீங்க போல! மார்னியைத் தூரமா நடக்க விடாதே.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சிரிப்பு யாருடையது என்று மண்டையில் உறைத்தது. டெலேனிக்கு எலும்பு முறிந்த நாளில், அவசரப் பிரிவு வாசலில் நின்று அதே சிரிப்பைத்தான் சிரித்தான். பயத்தில் சிரிக்கிறான் என்று அன்றைக்கு நினைத்தாள்.

ரீட் எந்த நாட்டுக்குப் படிக்கப் போனான் என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அழ நேரமில்லை. விடுதிக்குத் திரும்பிக் காய்ந்த ரொட்டி இரண்டு துண்டு தின்றாள். வயிறு ஏற்றுக்கொண்டது. இரவு தூங்கினாள். காலையில் தன் பையைக் கட்டினாள். டெலேனியின் பெரிய பையை விடுதிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். அந்தத் தெரியாத எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ப்ராக் வர்றேன். ஸ்டேஷனுக்கு வா.

உடனே பதில் வந்தது. நாலைந்து இதயங்கள். சூப்பர்! என் கறுப்பு ஷூவையும் கொண்டு வா. போன் விடுதியிலதானே இருக்கு?

மார்னி பதில் போடவில்லை. ஷூவையும் எடுக்கவில்லை. போனை மட்டும் அணைக்காமல் தன் பையின் மேல் உறையில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை. ஒருத்தியின் பொருளை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாள். அவள் ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் இப்படித்தான் செய்வார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். ரயில் வடக்கே போகப் போகத் தட்டை வயல்களும் பழுப்புக் குளங்களும் வந்தன. எல்லை எங்கே வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ப்ரெய்னர்டில் தெரிந்திருக்கும்.

ப்ராக் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே ரீட்தான் முதலில் கையசைத்தான். நல்ல உயரம், கழுத்தில் டெலேனியின் சால்வை. ஓடி வந்து மார்னியைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான்.

"மார்னி! நீ இல்லன்னா இதெல்லாம் நடந்திருக்குமா? கிறிஸ்துமஸ் முன்னாடி இவ திட்டத்தைச் சொன்னப்ப நான் நம்பவே இல்ல. 'மார்னி வர்றான்னு சொன்னா அம்மா சரிம்பாங்க, மார்னிக்கும் சம்மதம்'னா. இப்படி ஒரு ஃபிரெண்டு கிடைக்க..."

"ரீட், வாயை மூடு," என்றாள் டெலேனி.

"கிறிஸ்துமஸ் முன்னாடியா?" என்றாள் மார்னி.

ஒலிபெருக்கியில் ஏதோ ரயிலை அறிவித்தார்கள். ரீட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. மூவரில் ஏமாந்தது அவள் ஒருத்தி இல்லை, ஆனால் சுமந்தது அவள் ஒருத்தி.

"நான் போகட்டுமான்னு கேட்டேன், நீதான் போன்னு சொன்ன," என்றாள் டெலேனி.

"ஒரு தடவை சொன்னேன்."

"சொன்னா சொன்னதுதானே?"

"நீ எங்க பொறந்த டெலேனி? கலிஃபோர்னியாவுலயா?"

டெலேனிக்கு முகம் சிவந்தது. "உனக்கு வாந்தி வரலன்னா வேற ஏதாவது சொல்லிட்டுத்தான் வந்திருப்பேன், போதுமா?"

"போதும்." மார்னி பையைத் திறந்து போனை நீட்டினாள். "இந்தா, உன் புள்ளி."

"இதை... இதை இங்க கொண்டு வந்தியா? ஆன்லயா?"

கேட்டு முடிக்கும் முன்பே அது அடித்தது. டெலேனி நெருப்பைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே எடு. ப்ளீஸ். நீ சொன்னா அவங்க நம்புவாங்க. ரெண்டு பேரும் ஊர் பாக்க வந்தோம்னு சொல்லு. ப்ளீஸ்டி."

மார்னி எடுத்தாள்.

"மார்னி? எங்க இருக்கீங்க?"

"ப்ராக்ல இருக்கோம். டெலேனி வந்து மூணு நாள் ஆச்சு. ரீட் இங்கதான் இருக்கான். அன்னிக்கு அவ குளிக்கல, நான் பொய் சொன்னேன். மன்னிச்சுக்கங்க ஜோலீன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கிற ஓசை கேட்டது. பிறகு ஜோலீன் பேசினாள். குரல் உயரவில்லை. பல் மருத்துவமனையில் காத்திருப்பவர்களிடம் பேசுகிற குரல்.

"அவன் ப்ராக்ல இருக்கான்னு எனக்குத் தெரியும் கண்ணு. ஜனவரியிலயே தெரியும். சர்ச்சுல காபி குடிக்கறப்ப அவங்கம்மா பெருமையா சொன்னா. இவ எதுக்கு ஐரோப்பா ஐரோப்பான்னு குதிக்கறான்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே உன்னை அனுப்பினேன்."

மார்னி மற்ற இருவருக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ கூட இருந்தா அவளை விட மாட்டேன்னு நெனச்சேன். அப்படியே ஏதாவது ஆனாலும், முதல்ல எனக்குக் கூப்பிடுவேன்னு நெனச்சேன். உன்மேல அவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தேன். சரி, போனது போகட்டும். அவகிட்ட குடு."

வயிறு எப்படி இருக்கிறது என்று ஜோலீன் கேட்கவில்லை. மார்னி அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு போனை நீட்டினாள்.

டெலேனி தூணோரமாகப் போய் நின்று முதலில் கத்தினாள். அப்புறம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தெரியும்மா... நானும்தான்... சரிம்மா" என்றாள். தாயும் மகளும் எத்தனை அடித்துக்கொண்டாலும் கடைசியில் ஒருத்தி பாசத்தைச் சொல்ல, மற்றவள் "நானும்தான்" என்று முடிப்பதற்கு அவர்களுக்குள் ஏதோ இருந்தது. மார்னி தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ரீட் எங்கிருந்தோ ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து அவளிடம் கொடுத்தான். அந்த மூன்று நாளில் அவளுக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்த முதல் தண்ணீர் அது, அவனிடமிருந்து வந்தது என்பதால் குடிக்கக்கூடப் பிடிக்கவில்லை. குடித்தாள். உடம்புக்குத் தேவைப்பட்டது.

ஜோலீனின் உத்தரவுப்படி டெலேனியும் மார்னியும் வியன்னா திரும்பிப் பையை எடுத்துக்கொண்டு வெனிஸ் போனார்கள். ரயிலில் மார்னி வேறு பெட்டியில் உட்கார்ந்தாள். வெனிஸில் படகுப் பேருந்தின் முன்பக்கம் போய் அமர்ந்தாள். சலவை மூட்டைகள் ஏற்றிய படகு போயிற்று, பால் கூடைகள் ஏற்றிய படகு போயிற்று. மஞ்சள் நிற ஆம்புலன்ஸ் படகு ஒன்று அலையைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது, இரண்டு பணியாளர்கள் தூக்குப்படுக்கையை ஆடாமல் பிடித்திருந்தார்கள். எல்லாம் அவள் நினைத்ததைவிட அழகாகத்தான் இருந்தது. அதைப் பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை என்றால் அது பொய்.

டெலேனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லியிருந்தா நீ அம்மாகிட்ட சொல்லியிருப்ப."

"கேட்டுப் பாத்தியா?"

"உனக்குத் தெரியாது மார்னி. வீட்டுக்குப் போனாலே 'மார்னி துண்டு மடிச்ச அழகைப் பாரு', 'மார்னி போன் பண்ணி நன்றி சொன்னா பாரு'. அவங்களுக்கு உன்னை மாதிரிதான் ஒரு பொண்ணு வேணும்னு இருந்திருக்கு. நான் பொறந்துட்டேன்."

"அப்ப வேணும்னே என்னைப் பழிவாங்கச் செஞ்சதா இது?"

"இல்லடி. தெரியல. நான் மன்னிப்புக் கேக்கறேன்ல?"

"எங்க கேட்ட?"

படகு நிறுத்தத்தில் முட்டியது, ஆட்கள் ஏறினார்கள். டெலேனி எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

ஊர் திரும்பியபின் யாரும் சண்டை போடவில்லை. அவர்கள் ஊரில் அதுதான் கெட்ட அறிகுறி. டெலேனியும் அவளும் பருவம் முடியும்வரை ஒரே அறையில் "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டார்கள், பாலைத் தீர்த்துவிட்டால் வாங்கி வைத்தார்கள். டெலேனி ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போனாள். அம்மாவும் மகளும் முன்பைவிட நெருங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. பழி சொல்ல நடுவில் ஒருத்தி கிடைத்துவிட்டால் குடும்பங்கள் சீக்கிரம் ஆறும். நோயாளி வீட்டார் ஒன்றுகூடி வேலைக்காரியைக் குறை சொல்வதை மார்னி முதியோர் இல்லத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்த வேலைக்காரியின் இடத்தில் தானே நிற்போம் என்று நினைத்ததில்லை. தன்னை மகள் என்று நினைத்திருந்தாள்.

ஈஸ்டர் ஞாயிறு அவள் முதியோர் இல்லத்தில் பகல் வேலைக்கு வந்தாள். பண்டிகை நாளில் ஆள் குறைவு. அன்றைய மேற்பார்வையாளர் ரோண்டா, இருபது வருடமாக அங்கே இருக்கிற செவிலி, மூக்குக் கண்ணாடியை நுனியில் இறக்கிக்கொண்டு கணினியில் பணியாளர் விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"குவாலி, இங்க வா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும்? ப்ரெய்னர்ட் நம்பர் ஒண்ணு இருக்கு. உங்கம்மாவா?"

"இல்ல. அதை எடுத்துடுங்க."

"எடுத்துட்டேன். வேற சொல்லு."

மார்னி யோசித்தாள். அரிசோனாவில் மணி அடித்தால் யாரும் எடுப்பதில்லை. அப்பா வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார், எப்போதும் ஓட்டிக்கொண்டிருப்பார்.

"உங்க நம்பரைப் போடுங்க," என்றாள்.

ரோண்டா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என் நம்பரா? நான் உன்கிட்ட நல்லவிதமா நாலு வார்த்தை பேசினதில்லையே. போன வாரம்கூட விரிப்பு மூலையைச் சரியா மடிக்கலன்னு கத்தினேன்."

"அதனாலதான். கத்தணும்னா நேராக் கத்தறீங்க."

"உனக்கு ஆளே இல்லையா?"

"இப்போதைக்கு இல்ல."

ரோண்டா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். தன் எண்ணை ஒரு விரலால் தட்டி ஏற்றினாள். "சனிக்கிழமை நான் மீன் பிடிக்கப் போயிடுவேன். ஏரி நடுவுல சிக்னல் கிடைக்காது. அன்னிக்கு மட்டும் காலை ஒடச்சுக்காத."

"சரி."

"சரின்னு நிக்காத. மூணாம் ரூம் மேசன் அம்மா மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு."

மார்னி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.